ஒருவர் நீங்கலாக

அச்சகத்தில் அவருக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். மெய்ப்புத் திருத்துவது வேலை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் ஒரு ‘க்’ விடுபட்டிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் முதலாளி வேலையாட்களை வாய்க்கு வந்தபடி ஏசும்போது, குனிந்த தலை நிமிராமல் அடுத்த தாளைப் புரட்டுவார். ஐம்பத்து நான்கு வயது வரை அவர் இந்த உலகத்தில் திருத்தியதெல்லாம் எழுத்துப் பிழைகள்தான்.

கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் சபைக் கமிட்டி அவரைக் காரியதரிசி ஆக்கியிருந்தது. அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். அங்கே வாக்கெடுப்பு என்ற அநாகரிகம் கிடையாது. கடைசியில் போதகர் எழுந்து ஜெபம் செய்வார். எடுக்க வேண்டிய முடிவை அந்த ஜெபத்துக்குள்ளேயே நைசாகச் செருகி, “இதை ஆசீர்வதியும் ஆண்டவரே” என்று முடிப்பார். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் “ஆமென்” என்பார்கள். உடனே நோட்டில் ‘ஏகமனதாக’ என்று ஏறிவிடும். கடவுளோடு பேசிக்கொண்டிருப்பவரை யார் குறுக்கே மறிப்பது?

அந்த மாதம் ஜெபத்துக்குள் செருகப்பட்டது ஒரு விதவையின் வீடு. ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அந்த அம்மா பன்னிரண்டு வருடமாகப் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருந்தாள். அதை இடித்துவிட்டு, கமிட்டியின் பெரிய மனிதரான கட்டட ஒப்பந்தக்காரர் தம் தகப்பனார் பெயரில் பளிங்கில் ஒரு ஜெப அறை கட்டித் தருவார். ஜெபிக்க இடமில்லாமல் அல்ல. நானூறு பேர் உட்காரும் ஆலயம் வாரத்தில் ஆறு நாள் பூட்டித்தான் கிடந்தது. அப்பா பெயரைப் பொறிக்கச் சுவர் இல்லை, அதுதான் குறை.

“ஆமென்” என்றன பத்து வாய்கள். ஒற்று சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இதைச் சொல்வது போதகரிடம் அல்ல, கடவுளிடம் என்ற நினைப்பு அவருக்குச் சுருக்கென்றது. அவர் அதை நிஜமாகவே நம்புகிற ஆள். அந்த அறையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தது தற்செயல். நோட்டை இழுத்து எழுதினார்: ‘ஒருவர் நீங்கலாக மற்ற அனைவரும் சம்மதித்தனர்.’

போச்சு. ஒரே ஒருவர் மறுத்தாலும் முழுச் சபையையும் கூட்டிக் கேட்டாக வேண்டும் என்பது அந்தச் சபையின் சட்டம்.

மறுநாளே ஒப்பந்தக்காரர் அச்சகத்துக்கு வந்துவிட்டார்.

“ஏண்ணே, யாரு அந்த ஒருவர்?”

“நான்தாங்க.”

“நீங்க வாயே தொறக்கலையே!”

“அதைத்தாங்க எழுதியிருக்கேன்.”

“தொண்டை கட்டியிருக்கும்னு நெனச்சோம். இங்க பாருங்க, சபைப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தாளாளர். உங்க பொண்ணோட டீச்சர் வேலையை நிரந்தரமாக்குற காகிதம் என் மேஜையிலதான் கெடக்கு. ஒரு வரியை அடிச்சு எழுத இவ்வளவு யோசனையா? உங்க தொழிலே அதுதானே!”

“தப்பா இருந்தா அடிப்பேங்க.”

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் தலையாட்டிட்டு, புள்ளை பொழப்புன்னு வரும்போதுதான் உங்களுக்கு முதுகெலும்பு மொளைக்குதா?”

நியாயமான கேள்வி. மகள் மட்டும், “அடிச்சு எழுதப் போறீங்களாப்பா?” என்றாள்.

“இல்லம்மா. உனக்குத்தான் கஷ்டம் வரும்.”

“வரும்” என்றாள். பிள்ளைகளின் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார். மனிதரைப் பிரியப்படுத்தாமல் கடவுளுக்குக் கீழ்ப்படிவது எப்படி என்று மூன்று தலைப்புகள். இறங்கி வந்த கையோடு காரியதரிசியை ஓரமாக அழைத்துப் போனார்.

“பிரதர், எல்லாருக்கும் மனவருத்தம். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்.”

“ஐயா, இப்பத்தானே மேல நின்னு வேற மாதிரி சொன்னீங்க?”

“அது பிரசங்கம், பிரதர்.”

வேறு வழியில்லாமல் சபை கூடியது. போதகர் கண்களை மூடப் போனார். ஒற்று எழுந்தார். “ஜெபம் அப்புறம் பண்ணலாங்கய்யா. எல்லாரும் கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கை தூக்கட்டும். அந்த அம்மா வெளியே போகணும்னு யாருக்கு விருப்பம்?”

பின்வாசலில் ஈரத் துணியோடு அவள் நின்றிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கையும் எழவில்லை. ஒப்பந்தக்காரரே தம் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். இதை மனந்திரும்புதல் என்று யாரும் ஏமாற வேண்டாம். முகத்துக்கு நேரே யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற அதே கோழைத்தனம்தான். போன தடவை எதிரே இருந்தவர் பணக்காரர், இந்தத் தடவை பெருக்குகிறவள். வித்தியாசம் அவ்வளவே.

அறை தப்பியது. மகளுக்குக் காகிதம் வரவில்லை. இரண்டு பேருந்து மாறி வேறொரு பள்ளிக்குப் போகிறாள். கமிட்டிக்கு வேறு காரியதரிசி கிடைத்துவிட்டார். ஆலயத்தில் ஒற்றுக்குப் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. அந்த இடத்தில் அவர் குடையை வைத்துக்கொண்டு, காலை நன்றாக நீட்டி உட்காருகிறார்.