நாலு மணிக்கு எடை போட்ட மாவு

‘செவ்வாய், மாலை 4.00. முப்பது பாக்கெட். சராசரி 988 கிராம்.’ இரண்டு வருடங்களுக்கு முன் என் நோட்டில் நானே எழுதிய குறிப்பு இது. அப்போது பொம்மனஹள்ளியில், இட்லி மாவை ஒரு கிலோ பாக்கெட்டாகப் போடும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன்.

எடை குறைகிறது என்று கடைகளிலிருந்து புகார் வந்திருந்தது. நிரப்பும் மெஷினில் நின்றவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருவர். அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை அவர்தான் குறைத்து வைக்கிறார் என்பது மேனேஜரின் சந்தேகம். உறுதியானால் வேலை போய்விடும். எனக்கோ, படித்த புள்ளியியலை நிஜத்தில் போட்டுப் பார்க்கும் உற்சாகம்! முப்பது பாக்கெட்டை வைத்தே மொத்த மாவின் சராசரி எதற்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லிவிடலாம். 984க்கும் 992க்கும் நடுவே வந்தது. ஒரு கிலோ அதற்கு வெளியே நின்றது. வாரம் முழுக்க ஏறக்குறைய அதே விடை.

வெள்ளிக்கிழமை அறிக்கையோடு மேனேஜரிடம் போகும் வழியில், முதுகுக்குப் பின்னால் செய்ய மனமில்லாமல், அந்த அக்காவிடமே விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

“கடிகாரம் தப்பினாலும் நீங்க தப்ப மாட்டீங்க சார். டெய்லி நாலு மணி. காலையில அரைச்ச மாவு, நீங்க வர்ற வரைக்கும் பொங்காம உக்காந்திருக்குமா?”

அப்போதுதான் உறைத்தது. மெஷின் பார்ப்பது கன அளவை, எடையை அல்ல. மாவு பொங்கப் பொங்கக் காற்று ஏறும். அதற்குப் பின் நிரப்பும் அதே அளவு பாக்கெட் லேசாகிவிடும். வீட்டில் பொங்கி வழிந்த மாவை எத்தனை முறை துடைத்திருக்கிறேன்! கணக்கில் பிழையில்லை. எடுத்த நேரத்தில்தான் பிழை.

அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன். திங்கட்கிழமை ஒன்பது மணியிலிருந்து மணிக்கு ஐந்து பாக்கெட். பேக்கிங் பெண்கள் தராசைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் எண்ணைக் கன்னடத்தில் உரக்கப் படிக்க, “நாலு மணிக்கு முன்னாடியும் சாருக்குக் கண்ணு தெரியுதுடி” என்றார் இன்னொருவர். காலையில் ஒரு கிலோவுக்கு மேல், மதியத்துக்குப் பின் மெல்ல இறக்கம். நாற்பது பாக்கெட்டுக்குமான கணக்கு 997க்கும் 1005க்கும் நடுவே வந்தது. ஒரு கிலோ உள்ளே! சட்டை முழுக்க மாவோடு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். இனி மணிக்கொரு தடவை எடை பார்த்து, அந்த அக்காவே திருகாணியைச் சரிசெய்யட்டும் என்றார். அக்காவின் வேலை தப்பியது.

இப்போதெல்லாம் யார் எந்தச் சராசரியைச் சொன்னாலும், எத்தனை மணிக்கு எடுத்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆனால் நான் சேர்வதற்கு முன், இதே மெஷினில் நின்ற இன்னொருவரை இதே புகாரில் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைய எடைப் பதிவேட்டில் தேதி இருக்கிறது, எடை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, நேரம் இல்லை. அதுவும் மாலையில் எடுத்த எடைதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.