சின்ன டிராக்டருக்கு ஒரு கொடுக்கு

1. லாரியில் வந்தது

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதன்முதலாக ஒரு பேக்ஹோ, அதாவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் பள்ளம் தோண்டும் மிஷின், வந்து இறங்கியபோது, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றே எங்களில் பலருக்குத் தெரியவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் அப்போது பள்ளம் தோண்ட வேண்டுமென்றால் கடப்பாரையும் மண்வெட்டியும் ஆட்களும்தான். லாரியிலிருந்து செயின் பிளாக் போட்டு இறக்கினோம். முழங்கையை மடக்கின மாதிரி இரண்டு கனத்த இரும்புகள், நுனியில் பல் வைத்த பக்கெட், அடியில் ஒரு ஃபிரேம், அதன்மேல் ஒரு சீட், சீட்டுக்கு எதிரே வரிசையாக லிவர்கள். வெல்டர் காதர் பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, தேள் கொடுக்காட்டம் இருக்குது" என்றார். அதற்கப்புறம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதன் பெயர் கொடுக்குதான்.

நான் அங்கே மேஸ்திரி. முதலாளி ரங்கநாதன். டிராக்டர் ரிப்பேர், டிரெய்லர் கட்டுவது, கலப்பை மாட்டுவது எல்லாம் செய்தோம். அந்தக் கொடுக்கை ஒரு கல்குவாரிக்காரர் தன் பெரிய டிராக்டருக்காக எங்கள் மூலம் வரவழைக்கச் சொல்லியிருந்தார். சரக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் தகராறாகி, குவாரியே நின்றுவிட்டது. கொடுக்கு எங்கள் பின்கட்டில், வேப்பமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. முதலாளிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் ராஜமதி அம்மா வந்தார்.

2. ராஜமதி அம்மா கேட்டது

அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் வைத்து வாழும் நயினார் வீட்டுப் பெண். ஜைனர்களை எங்கள் பக்கம் நயினார் என்றுதான் சொல்வோம். கணவர் தவறிய பிறகு நிலத்தை அவரே பார்த்துக்கொண்டார். சின்ன டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். டிரைவர் நிலையாக நிற்கவில்லை என்று தானே ஓட்டக் கற்றுக்கொண்டவர். புடவைமேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் டிராக்டரில் டவுனுக்குள் வந்தால் டீக்கடையில் வாய்க்குப் போன கிளாஸ் அப்படியே நிற்கும். அவர் யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர் ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் பல வருடங்களாக மண்மூடிக் கிடந்தது. போன வருடம் ஏரி நிரம்பவில்லை, நெல் கருகிப்போனது. இந்த வருடமும் அப்படியே போனால் நிலத்தை விற்றுவிட்டு டவுனை ஒட்டி வேங்கிக்காலில் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அவருடைய அண்ணன் நெருக்கிக்கொண்டிருந்தார். ஊரார் கூடிப் பேசினார்கள். ஆட்கள் கிடைக்கவில்லை. டீசல் ஊர் தருகிறது, வண்டி நான் தருகிறேன் என்று ராஜமதி அம்மா சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"ஐப்பசி மழைக்குள்ள தோண்டியாகணும் அண்ணா. டிராக்டருக்குப் பின்னாடி மாட்டித் தோண்டுற மிஷின் இருக்குதாமே. இந்த வண்டிக்கு அது ஒத்து வருமா?" என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளியின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். "ஏன் வராது? பின்னாடி வந்து பாருங்க. தெய்வமா பார்த்து உங்களுக்குன்னே கொண்டாந்து போட்ட மாதிரி இருக்குது" என்று வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

ராஜமதி அம்மா கொடுக்கைப் பார்த்தார். தன் டிராக்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க."

எனக்குத் தர்மசங்கடம். ஆனாலும் தோன்றியதைச் சொன்னேன். "கொடுக்கு நல்ல கொடுக்குதான்மா. ஆனா இது பெரிய வண்டிக்குச் செஞ்சது. உங்க வண்டிக்கு வெயிட்டு ஜாஸ்தி. பின்னாடி இவ்ளோ தொங்கினா முன்னாடி கம்மியாயிடும். ஸ்டீயரிங் திரும்பாது."

"முன்னாடி வெயிட்டு கட்டுனா போச்சு. கலப்பைய மாட்றதில்லயா? அதே மூணு பாயிண்ட்தானே?" என்றார் முதலாளி.

அந்த 'மூணு பாயிண்ட்' விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க் என்று ஒரு தண்டு. கலப்பையை இந்த மூன்று இடத்தில் பின் போட்டு மாட்டிவிடலாம். கீழ்க் கைகள் சுமையை மேலே தூக்கும். ஆனால் கீழே அழுத்திப் பிடிக்காது. கீழிருந்து யாராவது தள்ளினால் அவை தாமாக மேலே போய்விடும். கலப்பை மண்ணுக்குள் தானே இறங்கிக்கொள்வதால் அதற்கு இது பொருந்தும். கொடுக்கோ மண்ணில் பல்லை ஊன்றி இழுக்கிற சாமான். மண் விட்டுக்கொடுக்காவிட்டால் கொடுக்குதான் எழும்பும். பெரிய வண்டியில் அதற்கென்று தனி ஃபிரேம் போட்டு இறுக்கிப் பூட்டுவார்கள்.

இதை நான் முதலாளியிடம் சொன்னேன். அவர், "நாளைக்கு மாட்டு. ஓட்டிப் பார்க்கலாம்" என்றார்.

3. பின்கட்டில்

மாட்டினோம். பின்கள் அளவு ஒத்துவரவில்லை, இடைவெளியை அடைக்க காதர் பாய் புஷ் கடைந்து போட்டார். முன்னால் மணல் மூட்டைகளைக் கட்டினோம். கொடுக்கைத் தூக்கியதும் முன்டயர்கள் பொம்மை வண்டி டயர் மாதிரி லேசாகிவிட்டன. ஒரு கடப்பாரையை விட்டு நெம்பினேன், முன்பக்கம் சுலபமாக எழும்பியது. "பாருங்க முதலாளி" என்றேன். "இன்னும் ரெண்டு மூட்டை போடு" என்றார்.

மறுநாள் காலை ராஜமதி அம்மா வந்திருந்தார். பின்கட்டு மண்ணில் ஓட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு. நான் சீட்டில் ஏறப்போனேன். முதலாளி என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ ஓட்டுனா வேணும்னே ஆட்டிக் காட்டுவ. எறங்கு, நான் உட்கார்றேன்."

உட்கார்ந்தார். டிராக்டர் சீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, கொடுக்கைப் பார்த்து. முதல் இரண்டு பக்கெட் மண் வெண்ணெய் மாதிரி வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது முறை பக்கெட்டின் பல் ஏதோ பாறையில் மாட்டியது. எங்கள் ஊர் மண்ணில் ஒரு முழத்துக்குக் கீழே எங்கே பாறை இருக்குமென்று யாராலும் சொல்ல முடியாது. அவர் லிவரை விடாமல் தள்ளிப் பிடித்தார். பாறை அசையவில்லை. ஃபிரேம் முழுவதும், அவர் உட்கார்ந்திருந்த சீட்டோடு சேர்ந்து, தரையிலிருந்து எழும்பி டிராக்டர் பக்கமாகச் சாய்ந்தது. டாப் லிங்க் பின் முறிந்த சத்தம் வெடிபோல் கேட்டது. அடுத்த கணம் முதலாளி டிராக்டர் சீட்டுக்கும் லிவர் கம்பிகளுக்கும் நடுவில் நசுங்கி மாட்டிக்கொண்டார். அவர் கத்தவில்லை. கத்த மூச்சில்லை. நெஞ்சு அழுத்தியதில் அவர் கை இன்னும் லிவரைத் தள்ளிக்கொண்டிருந்தது, கொடுக்கு மேலும் மேலும் நெருக்கியது.

நாங்கள் எல்லோரும் ஃபிரேமைப் பிடித்து இழுக்க ஓடினோம். மனிதன் கையால் இழுத்து நகர்கிற சாமானா அது? ராஜமதி அம்மா அந்தப் பக்கம் வரவே இல்லை. நேராக டிராக்டரின் முன்பக்கம் ஓடி, இன்ஜினை நிறுத்தும் நாபை இழுத்தார். இன்ஜின் நின்றது. நெருக்குவதும் அதோடு நின்றது.

"மேஸ்திரி, லிவர தொடாதீங்க, முதல்ல யோசிங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது. தப்பான லிவரை அசைத்திருந்தால் ஃபிரேம் இன்னும் சாய்ந்திருக்கும். முதலாளியின் கையை எடுத்துவிட்டேன். காதர் பாய் ஒரு மரக்கட்டையைச் சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் செருகிப் பிடித்தார். பூம் என்கிற பெரிய கையின் லிவரை எதிர்ப்பக்கமாக மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். கையை அசைக்கிற ஆயில் மெல்ல டாங்குக்குத் திரும்பியது. ஃபிரேம் தன் கனத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலாளியைத் தூக்கி வெளியே கிடத்தினோம். மூச்சு வந்தது. விலா எலும்புகள் உடைந்திருந்தன. அவ்வளவோடு போயிற்று.

4. பொருந்தியது

ஆஸ்பத்திரியில் முதலாளியைப் பார்க்க ராஜமதி அம்மா வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கோபித்துக்கொள்வார், மிஷினுக்கு வேறு ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர், "உடம்ப பார்த்துக்கோங்க அண்ணா. எனக்கு இன்னும் மிஷின் வேணும். என் வண்டிக்கு ஏத்ததா ஒண்ணு. மேஸ்திரிய அனுப்புறீங்களா?" என்றார்.

முதலாளியால் சத்தமாகப் பேச முடியவில்லை. என்னைப் பார்த்து, "போயிட்டு வா. நீ பார்த்து எது சொல்றியோ அது" என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சிறிய கொடுக்கு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கேயும் இரண்டு மாதிரி வைத்திருந்தார்கள். ஒன்றின் கை நீளம், ஆழமாகப் போகும். மற்றது குட்டை. பட்டறைக்காரர் நீளமானதைத்தான் காட்டினார். எங்களுக்கு வேண்டியது இடுப்பளவு கால்வாய், கிணறு அல்ல. கை நீளமானால் கனமும் கூடும், வண்டியைப் புரட்டுகிற பலமும் கூடும். குட்டையானதையே கேட்டேன். அதற்கு டிராக்டரின் முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சிலை மூடிய ஹவுசிங் வரை இருபுறமும் ஓடுகிற இரும்புச் சேனல் ஃபிரேமும் சேர்த்து வாங்கினேன். சின்ன டிராக்டருக்குத் தனியாகச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஹவுசிங் மூன்றையும் போல்ட் போட்டுச் சேர்த்ததுதான் அதன் முதுகெலும்பு. தோண்டுகிற அதிர்வெல்லாம் அந்த மூட்டுகளில் இறங்கினால் ஒருநாள் இரண்டாகப் பிளந்துவிடும். அந்த அதிர்வைச் சேனல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாட்டும் வேலை நினைத்ததைவிட இழுத்தது. சேனல், கிளட்ச் பெடலில் இடித்தது, வெட்டி வளைத்தோம். டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக் ஆயில் போதவில்லை. பின்னால் சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்டில் தனிப் பம்பு பூட்டினோம், தனி டாங்க் வைத்தோம். எல்லாம் முடிந்தது என்று நான் கையைத் துடைத்தபோது ராஜமதி அம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

"மேஸ்திரி, இத ஆம்பளைக்குச் செஞ்சிருக்காங்க. கடைசி லிவருக்கு எழுந்திருச்சாதான் கை எட்டுது."

லிவர்களை வளைத்துக் கிட்டே கொண்டுவந்தோம். அவர் இறங்கும்போது புடவைத் தலைப்பு பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கம் உரசியதைக் காதர் பாய் பார்த்துவிட்டார். வண்டி ஓடாமல் இருந்தது, நல்ல காலம். "அல்லா" என்று தலையில் கை வைத்தவர், அன்றைக்கே பழைய ஆயில் டிரம்மை வெட்டி ஷாஃப்டைச் சுற்றி முழுசாக ஒரு மூடி செய்து போட்டார். அப்புறம் எங்கள் கடைக்கு எந்த டிராக்டர் வந்தாலும், ஓட்டுகிறவர் வேட்டியோ புடவையோ பேண்டோ, அந்த மூடி போடாமல் அவர் வெளியே விட்டதில்லை.

கால்வாயில் வேலை தொடங்கியபோது நான் கூடப் போனேன். ராஜமதி அம்மா தினமும் காலையில் இன்ஜினைப் போடுவதற்கு முன், தோண்டப்போகும் இடத்தில் நீளமான கழியால் தட்டிக்கொண்டே நடப்பார். தவளையோ பாம்போ எதுவாயிருந்தாலும் போகட்டும் என்று நிற்பார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது அவர் வீட்டு வழக்கம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் சாயங்காலம் சீக்கிரமே வண்டியை நிறுத்துவார். பாறை தட்டினால் இழுக்க மாட்டார். பக்கெட்டைத் தூக்கி, பக்கத்தில் பிராண்டி, பாறையைச் சுற்றி மண்ணை எடுத்துவிட்டுத்தான் தொடுவார். வண்டி ஆடாமல் இருபுறமும் பிடிக்கிற ஊன்றுகால்கள் இரண்டும் மண்ணில் நன்றாக உட்கார்ந்தனவா என்று ஒவ்வொரு நகர்வுக்கும் இறங்கிப் பார்ப்பார். வேகம் குறைவுதான். வண்டிக்கு ஒரு போல்ட் கூடத் தளரவில்லை.

மழைக்கு முன் கால்வாய் ஏரியைத் தொட்டது. ஐப்பசியில் மலையில் பெய்த தண்ணீர் சிவப்பாக ஓடி வந்து விழுந்ததை ஊரே நின்று பார்த்தது. அவருடைய அண்ணனும் வந்திருந்தார். நிலத்தை விற்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. வேப்பமரத்தடிக் கொடுக்கை வேறொரு குவாரிக்காரர் தன் பெரிய டிராக்டருக்கு வாங்கிப்போய், தனி ஃபிரேமில் பூட்டி வருடக்கணக்கில் ஓட்டினார். அந்த இரும்பின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதற்கு முன்பே, கால்வாயின் கடைசித் துண்டு மிச்சமிருந்தபோது முதலாளி ஒருநாள் ஜீப்பில் வந்தார். நெஞ்சில் கட்டு அவிழ்த்து அதிக நாள் ஆகவில்லை. கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். ராஜமதி அம்மா இன்ஜினை மெதுவாக்கிவிட்டு இறங்கி வந்தார்.

"ஒரு பக்கெட் எடுத்துப் பாருங்க அண்ணா."

முதலாளி என்னைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். மெதுவாக இறக்கினார், மெதுவாக இழுத்தார், ஒரு பக்கெட் மண்ணைக் கரையில் கொட்டினார். இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டார். ஜீப்புக்குப் போகும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னார்:

"ஏழுமல, ஆஸ்பத்திரியில படுத்துனு ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். அன்னிக்கி வீம்புக்குதான் நான் ஏறுனேன். பேசாம உன்ன ஏத்தி விட்டிருந்தேன்னா, உன் பொண்டாட்டி முன்னாடி போயி நான் இன்னான்னு சொல்லியிருப்பேன்?"

அதற்குப் பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் வந்தது. எழுதி மாட்டவில்லை, யாரும் உத்தரவு போடவும் இல்லை. எந்தச் சாமானை எந்த வண்டிக்கு மாட்டினாலும், இது பொருந்தும் என்று யார் சொன்னாரோ அவர்தான் முதலில் ஏறி உட்கார வேண்டும். முதலாளியும் அப்படித்தான், நானும் அப்படித்தான். அந்த வழக்கம் வந்த பிறகு, 'பொருந்தும்' என்று சொல்வதற்கு முன்னால் எல்லோரும் ஒரு தடவை கீழே குனிந்து பார்த்தோம்.