ஸ்கீக்குக் கீழே ஒரு தேசிக்காய்

இரண்டு ஸ்கீப் பலகையைக் காலில் மாட்டி, பனிமேட்டிலிருந்து காற்றில் எகிறி, தலைகீழாகச் சுழன்று, பின்பக்கமாக இறங்கி வருவதுதான் என் தொழில், இதை ஒரு பிறந்தநாள் வீட்டில் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தால், கேட்டுக்கொண்டிருந்த அன்ரி "அது சரி பிள்ளை, வேலை எங்கை?" என்பார்.

வீட்டுக்கு விளங்கப்படுத்த முடியாத வேலை பார்க்கிறவர்களே, நீங்கள் என் ஆட்கள். உங்களுக்கு நான் கனக்கச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் கதையில் சிக்கல் கொஞ்சம் கூட. அம்மா சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நேர்ஸ். விண்டர் வந்தால் ஸ்கீ ஓடிக் கால் உடைத்தவர்களைக் கட்டிலில் ஏற்றுவதே அவவின் வேலை. பள்ளிக்கூட முகாமில் நான் ஸ்கீ பழகிய நாளிலிருந்து, நான் குதிப்பதை அம்மா ஒருமுறைகூடக் கண் திறந்து பார்த்ததில்லை. நேரில் வந்தால் கண்ணை மூடுவா. வீடியோ போட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. அப்பா நடுநிலை, இரண்டு பேருக்கும் ஓம் என்று தலையாட்டுவார்.

போன விண்டர் தொடங்கமுதல் அம்மா தீர்ப்பு வாசித்தா. "இந்த ஒரு விண்டர் தாறன் தர்ஷி. ஒஸ்ரேலியா டீமில எடுத்தால் சரி. எடுக்காட்டி உந்த ஸ்கீயை ஆருக்கும் குடுத்துப்போட்டுப் படிக்க யூனிவர்சிட்டிக்குப் போறாய்." நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

புது வாகனம்

ஒரு ஸ்கீக் கம்பனி, சின்னதாக ஒரு படம் எடுத்துத் தரவேண்டும் என்ற பேச்சில், எனக்குப் புது ஸ்கீ ஒரு சோடி அனுப்பியது. பெட்டி எங்கள் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமையே அம்மா அதைக் காரில் ஏற்றிவிட்டா. புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம், இதுவும் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓடுகிற சாமான்தானே என்பது அவவின் வாதம். கோயில் கார் பார்க்கில், இரண்டு புதுக் கார்களுக்கு நடுவில், என் ஸ்கீயும் வரிசையில் கிடந்தது.

ஐயர் கார்களை முடித்துக்கொண்டு வந்து ஸ்கீயைச் சுற்றி ஒருக்கா நடந்தார். எங்கள் வகை ஸ்கீ முன்னும் பின்னும் ஒரேமாதிரி மேலே வளைந்திருக்கும். "இதில முன்பக்கம் எது பிள்ளை?" என்றார். இரண்டும் முன்பக்கம்தான் ஐயா, நாங்கள் பின்னுக்கும் ஓடுவோம் என்றேன். அவர் சந்தனக் கிண்ணத்தோடு யோசித்துக்கொண்டு நின்றார். நான் பஞ்சாபிச் சுடிதாருக்குக் கீழே ஸ்கீ பூட்ஸ் போட்டுக்கொண்டு கார்ச் சக்கரத்துக்கு வைக்கிறமாதிரி முன்னால் வைத்த எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, நசிக்கத் தயாராக நின்றேன். பக்கத்துக் கார்க் குடும்பம் தங்கள் காரை விட்டுவிட்டு என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஐயர் அம்மாவிடம் திரும்பிச் சொன்னார்: "ரிவேர்ஸிலயும் ஓடுற வாகனம் எண்டால் பின்னுக்கும் ஒரு தேசிக்காய் வையுங்கோ."

இழுக்கிற கார்

படம் எடுக்கக் கிடைத்தவர் கார்த்திக் அண்ணா. மதுரைக்காரர், மெல்பேர்னில் கிளேட்டனில் இருக்கிறார், தொழில் கல்யாண வீடியோ. ஆடி மாதம் கல்யாணம் இல்லை, ஆளும் கமெராவும் சும்மா இருந்தார்கள். ஆடியும் ஒஸ்ரேலியப் பனியும் ஒன்றாக வருவது என்னுடைய அதிர்ஷ்டம்.

அவர் அதுவரை பனியைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறார். மெல்பேர்னிலிருந்து மலை ஏறும்போது பாதி வழியில் வீதி வெள்ளையாகிவிட்டது. சக்கரம் பனியில் வழுக்காமல் இருக்கச் சங்கிலி கட்ட வேண்டிய இடம். நான் இறங்கப் போக, "நீ கை வச்சுடாதம்மா, நாளைக்கு ஷூட்டிங் இருக்கு" என்று தானே பனியில் முழங்காலிட்டு, விரல் விறைக்க விறைக்க, பின்சக்கரம் இரண்டுக்கும் அழகாகக் கட்டினார். பிறகு காரை எடுத்தார். கார் மலை ஏறவில்லை; தட்டாமாலை சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னால் வந்த கிழவர் ஒருவர் தன் வண்டியை நிறுத்தி, சங்கிலியைப் பார்த்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "இது முன்சக்கரம் இழுக்கிற கார் மகனே, நீ சப்பாத்தைக் கையில் போட்டிருக்கிறாய்."

கொஞ்சம் சிரிங்க

கல்யாண வீடியோக்காரரோடு ஸ்கீப் படம் எடுத்தவர்கள் உங்களில் எவரும் இருக்கமாட்டீர்கள். நல்லாயிருப்பீர்கள். நான் மேட்டின் உச்சியில் நின்று, மூச்சை இழுத்து, மனதுக்குள் சுழற்சியை எண்ணிக்கொண்டிருப்பேன். கீழேயிருந்து "தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, லேசா சிரிங்க" என்று சத்தம் வரும். உயிரைக் கையில் பிடித்துக் குதித்து இறங்கினால், "சூப்பர், பேட்டரி மாத்திட்டேன், இன்னொரு தடவை அதே மாதிரி" என்பார். கல்யாணத்தில் மாலையைத் திரும்ப மாற்றச் சொல்லலாம். தலைகீழாக இருக்கிறவளிடம் அதெல்லாம் நடக்குமா?

இன்னொன்றும் கவனித்தேன். நான் குதிக்கிற நேரம் பார்த்துப் பல தடவை கமெரா என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிறவர்கள் பக்கம் போய்விடும். கேட்டால், "முக்கியமான நேரத்துல சொந்தக்காரங்க முகம் வேணும்மா, இல்லன்னா ஆல்பம் நிக்காது" என்பார். படம் முடிந்து வந்தது. பின்னணியில் நாதஸ்வரம். நான் காற்றில் தலைகீழாக மெதுவாகச் சுழல, என்னைச் சுற்றி இதய வடிவம், மேலிருந்து ரோஜாப் பூ கொட்டுகிறது. பயந்து பயந்து கம்பனிக்கு அனுப்பினேன். மனேஜர் போன் எடுத்து, பூவையும் இதயத்தையும் எடுத்துவிடு, அந்தக் குழல் மட்டும் இருக்கட்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நல்ல படம், ஆனால் மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்."

மஞ்சள் மெழுகு

டீமில் எடுப்பதற்கு இரண்டு போட்டிகள். என் கோச்சின் பெயர் கேட், கூரான நாக்கும் நல்ல மனமும் உள்ள ஒரு ஒஸ்ரேலியப் பெண். போட்டிக்கென்று வைத்திருந்த புது ஸ்கீயின் அடிப்பக்கத்துக்கு மெழுகு பூசித் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்திருந்தா. நான் அதைப் பையில் வைத்து வீட்டுக் கராஜில் விட்டேன். புறப்படுகிற நாள் காலை, அம்மா பையைத் திறந்தது எனக்குத் தெரியாது.

முதல் போட்டி. மேட்டை நோக்கி ஓடத் தொடங்கியதுமே ஏதோ பிழை என்று காலுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கீ வழுக்கவில்லை, இழுத்துப் பிடித்தது. வேகம் காணாமல் எகிறி, சரிவுக்கு எட்டாமல், தட்டையான இடத்தில் பொத்தென்று விழுந்தேன். எல்லாத் தடவையும் அதே கதி. கடைசி இடம். இடுப்பு நீலமாகி நொண்டிக்கொண்டு வந்தபோது கேட் ஸ்கீயைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தா. அடிப்பக்கம் நீளத்துக்குச் சந்தனம், அதன்மேல் விபூதியில் மூன்று குறி, காய்ந்து சிமெந்தாக ஒட்டியிருந்தது. நிலத்தில் படுகிற பக்கத்துக்குத்தானே காவல் வேண்டும் என்று அம்மா நினைத்திருக்கிறா. கேட் நகத்தால் சுரண்டி, மணந்து பார்த்து, என்னிடம் கேட்டா: "இந்த மஞ்சள் மெழுகு எந்தக் கம்பனி தயாரிப்பு? எங்கள் எதிரிகளுக்கு வாங்கிக் கொடுப்போம்."

சத்தம் மட்டும்

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அழுவா, இல்லாவிட்டால் சாமியே வேண்டாமென்று சொல்லுது என்பா. இனி அடுத்த போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வந்தால்தான் டீம், இல்லாவிட்டால் யூனி. எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான், இதை விட்டால் நான் ஆர் என்றே எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஒருநாள் பின்னேரம் அம்மா போன் எடுத்தா. வார்டில் ஸ்கீயில் கால் உடைத்த ஒரு பெடியன், அம்மாவின் பெயர்ப் பட்டையில் என் கடைசிப் பெயரைப் பார்த்து, நீங்கள் தர்ஷியின் அம்மாவா என்று கேட்டானாம். தன் போனில் என் ஸ்கீப் படத்தைப் போட்டு நீட்டினானாம். "அவனிட்டைக் கனக்க விசயம் கேட்டனான்" என்றா அம்மா. படத்தைப் பாத்தனீங்களோ அம்மா என்றேன். அம்மா சொன்னா: "பாக்கேல்ல, போனைக் கவிட்டு வச்சுச் சத்தம் மட்டும் கேட்டனான், நாதஸ்வரம் நல்லாயிருந்தது."

என்ன கிழமை

கடைசிப் போட்டிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். கார்த்திக் அண்ணாவும் கமெராவோடு வந்திருந்தார். காலையில் அம்மா என் ஸ்கீப் பையைத் திறக்க, எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் அம்மா ஸ்கீயின் மேல்பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு பொட்டு வைத்தா. "கீழ ஒண்டும் பூசக்கூடாதாம். அந்தப் பெடியன் சொன்னவன்." பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டா, "அண்டைக்கு நீ விழுந்தது என்ரை சந்தனத்தாலயோ?" இல்லை அம்மா, காத்து என்றேன். அம்மா நம்பவில்லை.

மூன்று தடவை குதிக்கலாம், அதில் நல்லது ஒன்று கணக்கு. முதல் தடவை பயத்தில் சின்னதாகக் குதித்தேன், அது காணாது. இரண்டாவது தடவை எல்லாத்தையும் போட்டேன். சுழற்சி கூடிவிட்டது, ஒற்றைக் காலில் இறங்கி, உருண்டு, வேலிக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தேன். முதலுதவிக்காரர்கள் ஸ்கீயில் வந்துகொண்டிருக்க, அவர்களுக்கு முன்னால் ஒரு ஆள் வேலிக்குக் கீழால் குனிந்து வந்து, சாதாரணச் சப்பாத்தோடு பனியில் இரண்டு தரம் சறுக்கி விழுந்து எழும்பி ஓடிவந்தது. அம்மா.

வந்ததும் கழுத்து, தோள், முழங்கால், கணுக்கால் என்று அமத்திப் பார்த்தா. கை வார்டுக் கை, நடுங்கவில்லை. பின்னால் வந்து நின்ற முதலுதவிக்காரர் நீங்கள் டொக்டரா என்று கேட்டதற்குக் காது கொடுக்கவில்லை. தலையில் அடிபட்டவர்களைக் கேட்கிற கேள்விகளைத் தொடங்கினா. உன்ரை பேர் என்ன? சொன்னேன். இண்டைக்கு என்ன கிழமை? ஞாயிறு. எத்தினை தரம் குதிக்கலாம்? மூண்டு. எத்தினை குதிச்சிட்டாய்? ரெண்டு. முதலுதவிக்காரரும் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் முடிந்தது, இனி வீட்டுக்கு வா என்று சொல்லப்போகிறா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என் உடுப்பில் இருந்த பனியைத் தட்டிவிட்டா. "அப்ப ஏன் இன்னும் படுத்துக் கிடக்கிறாய், எழும்பு."

கைப்பழக்கம்

மூன்றாவது தடவை எப்படிப் போனது என்று எனக்கு வடிவாக ஞாபகம் இல்லை. ஸ்கீ வழுக்கியது, வானம் ஒருக்கா காலுக்குக் கீழே போனது, இரண்டு காலும் ஒன்றாகப் பனியைத் தொட்டன. கீழே கேட் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றா. மூன்றாம் இடம். டீமில் என் பெயர் வந்துவிட்டது. அப்பா வழக்கம்போல ஓம் ஓம் என்றார், ஆனால் இந்த முறை அழுதுகொண்டு.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. அம்மாவிடம் கேட்டால் உண்மை வராது என்று நேரே கார்த்திக் அண்ணாவிடம் போனேன். மூன்றாவது குதிப்பைப் போடுங்கள் அண்ணா என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். போட்டார். நான் மேட்டை நோக்கி ஓடிவருகிறேன், எகிறப்போகிறேன், அந்த இடத்தில் கமெரா திரும்பிவிட்டது. முழுத் திரையிலும் அம்மா. கம்பளித் தொப்பி கோணலாகி, வாய் என்னவோ முணுமுணுக்க, இரண்டு கண்ணும் அகலத் திறந்தபடி. கண்கள் மேலே போகின்றன, அப்படியே சுற்றுகின்றன, மெல்லக் கீழே இறங்குகின்றன. ஒருமுறைகூட மூடவில்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க, கார்த்திக் அண்ணா நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக் கையைப் பிசைந்தார். "மன்னிச்சுடும்மா, கைப்பழக்கம், தாலி கட்டுற நேரத்துல கேமரா தானா பொண்ணோட அம்மா பக்கம் திரும்பிடுது."

ஆக, ஒரு விண்டர் முழுக்க ஓடி, விழுந்து, படம் எடுத்துத் திரிந்ததில் என் வாழ்நாளின் ஆகச் சிறந்த குதிப்புக்குக் கமெராவில் இருக்கிற ஒரே சாட்சி அம்மாவின் இரண்டு கண்கள்தான், அதில் நான் மருந்துக்கும் இல்லை.