வீடு மாறிய கையெழுத்துகள்

பட்டியலில் முதல் கையெழுத்து ரேஜான் திவியேர்ஜுடையது. செல்லாது என்று முதல் கோடு விழுந்ததும் அதன்மேல்தான்.

ரேஜானுக்கு வயது அறுபத்தொன்று. மேல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷமாக வேலை. பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது, கணவனை அடக்கம் செய்தது எல்லாம் கனடாவின் கியூபெக்கில் எங்கள் ஊரின் கீழ்ப்பகுதியான சேன்-பிளாசீட் பேட்டையில். மூன்று மாடிச் செங்கல் வீடுகள், வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப் படிகள், முக்கால்வாசிப் பேர் வாடகைக் குடிகள். ரேஜான் இதுவரை பதினான்கு வீடு மாறியிருக்கிறார். எல்லாமே ஒரே சர்ச் மணி கேட்கிற தூரத்தில்.

தம்பி நோர்மான் அவரோடு இருக்கிறார். காகித ஆலை விபத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலி. கோடையில் அவரைப் பிடிக்க முடியாது. வியாழக்கிழமை தவறாமல் பஸ் ஏறி மேல் நகரத்துக்குச் சீட்டாடப் போய்விடுவார். பனி விழுந்ததும் கதை மாறும். சாலையைச் சுத்தம் செய்கிற வண்டி பனியை ஓரமாகத் தள்ளிக் குவிக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கும் சாய்பலகை அந்தக் குவியலில் முட்டி நிற்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நோர்மானுக்கு ஜன்னல்தான்.

"நாலு மாசம் நான் செத்துட்டேன்னு என் இடத்துல வேற ஒருத்தனை உக்கார வெச்சு ஆடறாங்க. ஈஸ்டருக்கு உயிர்த்தெழுந்து போய் என் நாற்காலியைத் திரும்ப வாங்கறேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ரேஜான் சிரித்ததில்லை.

அதனால் ட்ராம் திட்டத்தின் வரைபடம் வெளியானபோது ரேஜான் ஒன்றை மட்டும்தான் தேடினார். ட்ராமின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டம். நடைமேடையில் பனியை அள்ளிக் கொண்டுபோய்விடுவார்கள். நாற்காலி தானாக உருண்டு உள்ளே போகும். பாதை எங்கள் பெரிய சாலை வழியாகத்தான் போகிறது. ஆனால் நிறுத்தம் இல்லை. முந்தைய நிறுத்தமும் அடுத்த நிறுத்தமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நோர்மானின் ஜன்னல் வழியாக ட்ராம் போவது நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

நகராட்சி ஒரு வழி வைத்திருந்தது. மருந்துக்கடை முனையைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பவர்கள் நானூறு பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் நிறுத்தம் சேர்க்கப்படும். கடைசி நாள் ஜூலை பதினைந்து. அன்றைய தேதியில் கையெழுத்திட்டவர் தாம் எழுதிய முகவரியில் குடியிருக்க வேண்டும்.

மே மாதம் முதல் சனிக்கிழமை மருந்துக்கடை வாசலில் மடக்கு மேஜை போட்டாயிற்று. ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட படுக்கை விரிப்பில் நீல எழுத்து: "இங்கே நிற்கட்டும்." ரேஜானோடு இன்னும் இரண்டு பெண்கள். வேலை முடிந்து வந்து, ஒரு முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, ரேஜான் வீடு வீடாக இரும்புப் படிகளும் ஏறினார்.

"ட்ராம் வர்றப்போ உனக்கு எழுபது ஆயிடும் ரேஜான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அப்ப எந்திரிச்சு எடம் குடுப்பாங்க. இப்ப பஸ்ஸுல நின்னுக்கிட்டுல்ல போறேன்? கையெழுத்தைப் போடுய்யா."

ஜூன் இருபதாம் தேதி நானூற்று அறுபத்து மூன்று கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கெடு முடிய மூன்றரை வாரம் இருந்தது. முன்கூட்டியே முடித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. எங்கள் பேட்டைப் பத்திரிகையிலும் படம் வந்தது.

தவறு அங்கேதான் நடந்தது. எங்கள் ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் முப்பதோடு முடியும். ஜூலை ஒன்றாம் தேதி பேட்டையே வீடு மாறும். படிகளில் மெத்தைகள் இறங்கும், ஃப்ரிட்ஜ்கள் ஏறும், உதவிக்கு வந்தவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து பீட்சாவும் பீரும் சாப்பிடுவார்கள். இது தெரியாதவர் எவருமில்லை. ஆனாலும் பாதிச் சமையலறையை அட்டைப் பெட்டியில் கட்டிவைத்துவிட்டு வந்து கதவு திறந்தவர்கள், கை பழகிய பழைய முகவரியைத்தான் எழுதினார்கள். ரேஜானும் அப்படியே. குளியலறைக் கதவு நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கீழ்வீடு அடுத்த தெருவில் கிடைத்திருந்தது. ஜூலை ஒன்றில் அங்கே போவதாக மார்ச்சிலேயே முடிவாகியிருந்தது.

ஜூலை நான்காம் தேதி நகராட்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "மேடம், வீடு வீடா ஆள் அனுப்பிப் பாத்தோம், நூத்தி நாப்பத்தெட்டுப் பேர் அந்த முகவரில இல்லீங்க. உங்களையும் சேத்துத்தான். மீதி முந்நூத்திப் பதினஞ்சு இருக்கு. வட்டத்துக்குள்ளயே இருக்கறவங்கன்னா புது முகவரியோட மறுபடி கையெழுத்து வாங்கிக் குடுக்கலாம். புதுப் பேர் சேக்க முடியாது."

"எங்க போயிட்டாங்கன்னு உங்க கிட்ட பட்டியல் இருக்கா?"

"எங்களுக்கும் செப்டம்பர்லதான் வரும் மேடம்."

தன்னுடையதும் தம்பியுடையதும் போட்டு முந்நூற்றுப் பதினேழு. இன்னும் எண்பத்து மூன்று வேண்டும். நாள் பதினொன்று. கூட இருந்த இரண்டு பெண்களும் விடுமுறைக்கு ஏரிக்கரை போய்விட்டார்கள்.

பேட்டையில் யார் எங்கே போனார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் க்ளெர்மோன் பெதார். லாரி வைத்து வீட்டுச் சாமான் மாற்றுகிறவர். ரேஜானோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஜூலை ஒன்றை ஒட்டிய பத்து நாளில் மட்டும் அறுபத்தொரு வீடு மாற்றியிருந்தார். அவருடைய லாரியின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: "தண்டவாளம் வேண்டாம்."

ரேஜான் போனபோது அவர் லாரிக்குள் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மகாராணி. உன் ட்ராம் வந்தா இந்த லாரியை எங்க நிறுத்தறது? உன் தலை மேலயா?"

"என் தலை சின்னது க்ளெர்மோன், தாங்காது. யார் யார் எங்க போனாங்கன்னு சொல்லு."

"ஏன் சொல்லணும்?"

"வேற யாருக்கும் தெரியாது."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. போர்வையைக் கீழே வைத்தார். "சரி. முனையில லாரி நிறுத்த ஒரு இடம் வேணும்னு மனுவுல சேத்து எழுது. சொல்றேன்."

"முடியாது. முந்நூத்திப் பதினஞ்சு பேர் படிச்சுட்டுப் போட்ட கையெழுத்து. இப்ப அதுல நான் ஒரு வரி சேத்தா அது திருட்டு."

க்ளெர்மோன் இன்னொரு போர்வையை எடுத்து மடித்தார். பிறகு வேறொரு பேரம் வந்தது. "அப்ப நானும் கூட வரேன். ஒவ்வொரு வாசல்லயும் உனக்கப்புறம் எனக்கு ஒரு நிமிஷம். ட்ராம் ஏன் வேண்டாம்னு சொல்வேன். குறுக்க பேசக் கூடாது."

"ஒரு நிமிஷம்தான். கடியாரத்தைப் பாத்துக்குவேன்."

மறுநாள் மாலை ஆரம்பித்தார்கள். க்ளெர்மோனுக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்பதில்லை. ஃப்ரிட்ஜ்கள் நிற்கும். "பச்சை ஃப்ரிட்ஜ், கதவு இடது பக்கம் தொறக்கும். பத்தாம் தெரு, ரெண்டாவது மாடி" என்று லாரியை நிறுத்துவார். கதவைத் திறப்பது பட்டியலில் அடிக்கப்பட்ட யாராவதுதான். ரேஜான் தாளை நீட்டுவார். க்ளெர்மோன் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெரிய சாலையில் வண்டி நிறுத்த இடம் போகும், மூன்று வருஷம் குழி தோண்டுவார்கள், ஆம்புலன்ஸ் சுற்றி வரும் என்று மூச்சுவிடாமல் சொல்வார்.

"ஆச்சு. ஒரு நிமிஷம்" என்பார் ரேஜான்.

"ஆம்புலன்ஸ் இன்னும் வந்து சேரலையே?"

"ட்ராம்ல வரட்டும்."

சிலர் இருவருக்கும் பீர் கொடுத்தார்கள். ஒன்பது வீட்டில் க்ளெர்மோன் பேச்சைக் கேட்டு மனம் மாறிக் கையெழுத்து போட மறுத்தார்கள். அந்த வாசல்களை விட்டு இறங்கும்போது அவர் மெதுவாகச் சீட்டியடித்தார். ரேஜான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகளை எண்ணி இறங்கினார்.

ஜூலை பதினான்காம் தேதி மாலை லாரியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்று வாசல், எழுபத்தெட்டுக் கையெழுத்து. மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"வேற?" என்றார் ரேஜான்.

"முடிஞ்சுது. மத்ததெல்லாம் வட்டத்துக்கு வெளிய."

"அறுபத்தொரு வீடுன்னு சொன்னே. நாப்பத்து மூணு வாசல் ஏறினோம். வெளிய போனது பதினேழு, உன் வாயால சொன்னது. கூட்டினா அறுபது."

க்ளெர்மோன் சாவியில் கை வைத்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

"க்ளெர்மோன், அஞ்சு பேர் குறையுது. நோர்மான் காலைலருந்து மூணு தடவை போன் பண்ணிட்டான். நான் என்ன சொல்லட்டும்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். "ஆறாம் தெரு, மூணாவது மாடி. நர்ஸுக்குப் படிக்கற பொண்ணுங்க. ஆறு பேர். கண்ணாடி வெச்ச அலமாரி ஒண்ணு, அதுல ஒருத்தியோட அம்மாது. ரெண்டாவது வளைவுல கை நழுவிடுச்சு. முப்பது வருஷத்துல ஒண்ணு கூட நான் கீழ போட்டதில்ல, தெரியுமா? ஏற்கெனவே விரிசல் இருந்துச்சுன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்."

"இருந்துச்சா?"

"இல்ல."

ரேஜான் லாரிக் கதவைத் திறந்து இறங்கினார். ஆறாம் தெருவுக்கு நடந்தே போனார்கள். மூன்று மாடியும் க்ளெர்மோன்தான் முன்னால் ஏறினார். கதவைத் திறந்த பெண் அவரை அடையாளம் தெரிந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டாள்.

"அலமாரில விரிசல் இல்லம்மா. நான்தான் கீழ போட்டேன். புதுக் கண்ணாடி வெட்டி நானே மாட்டித் தரேன். அளவெடுக்க வந்தேன்" என்றார் அவர்.

அவர் உள்ளே அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ரேஜான் சமையலறை மேஜையில் தாளை வைத்தார். ஜூனில் போட்டது போலவே ஆறு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். காலை ஐந்தரை பஸ்ஸில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடைசிப் பெண் பேனாவை வைத்ததும் ரேஜான் திரும்பி, "க்ளெர்மோன், உன் ஒரு நிமிஷம்" என்றார்.

"இந்த வீட்டுல வேண்டாம்" என்றார் அவர், அளவு நாடா பல்லில் இருக்க.

நானூற்றொன்று. பதினைந்தாம் தேதி காலை, சலவைக்கூடத்துக்குப் போகும் வழியில் ரேஜான் தாள்களைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். செப்டம்பரில் வந்த புதிய வரைபடத்தில் மருந்துக்கடை முனையில் நிறுத்தத்தைக் குறிக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அந்த முனையில் லாரி நிறுத்தும் இடம் போனது. அதுவும் அதே வரைபடத்தில் இருந்தது. க்ளெர்மோன் லாரியில் இருந்த எழுத்தை அழிக்கவில்லை. ரேஜானும் அழிக்கச் சொல்லவில்லை.

முதல் ட்ராம் ஓட ஏழு வருஷம் ஆகும் என்கிறார்கள்.

"அதுக்குள்ள நாம இன்னும் ரெண்டு வீடாவது மாறிடுவோமே அக்கா" என்றார் நோர்மான்.

ரேஜான் வரைபடத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். அந்த வெள்ளைப் புள்ளியை நடுவில் வைத்து, கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"மாறலாம்டா. இதுக்குள்ள."