இளவரசரிடம் யாரும் நேரே பேசவில்லை

கம்பூய் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் வேலை பார்த்தார். அங்கே எல்லோருக்கும் அவர் வெறும் ‘காம்’. ஷிஃப்ட் முடிந்து, சிட்னியின் மேற்கே எங்கள் லாவோ மக்கள் வாழும் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் இளவரசர். லாவோஸில் 1975-ல் கம்யூனிஸ்டுகள் ஒழித்த ஒரு மலைநாட்டுச் சிற்றரசின் கடைசி வாரிசு அவர். ஒன்பது வயதில் சித்தப்பாவோடு மேகோங் ஆற்றைக் கடந்து வந்தார். அம்மாவும் அக்காவும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மன்னராட்சி திரும்பும்வரை வாரிசு தாய்மண்ணை மிதிக்கக் கூடாது என்று எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் சத்தியம் செய்தார்கள். செய்தது அவர்கள், காத்தது அவர். செயலாளர் பூன்தவி மட்டும் வருடந்தோறும் போய் வந்தார். அங்கே மாடி வீடு கூடக் கட்டினார்.

“நீங்க போனா அவங்க ஆட்சிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் இளவரசே. நான் போனா எவன் கேக்கப்போறான்?” என்பார்.

அந்த மார்ச்சில் அம்மா படுத்துவிட்டார் என்று ஊருக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார். கம்பூய் ரகசியமாக விசா எடுத்தார்.

“அம்மா கண்ணு தொறந்திருக்கையில ஒரு தடவ பாத்துட்டாப் போதும்,” என்றார் மனைவி சோம்சியிடம். ஏப்ரல் புத்தாண்டு முடிந்த மறுநாளுக்கு டிக்கெட் போட்டார்கள்.

புத்தாண்டின் மூன்று நாளும் அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, நாங்கள் மண்டியிட்டு அவர் கையில் வாசனை நீர் ஊற்றுவோம். அவர் வாழ்த்துவார். வாழ்த்துகிறவர் காதில் அந்த நாட்களில் கெட்ட சேதி விழக்கூடாது.

முதல் நாள் காலையிலேயே ஊரிலிருந்து கம்பூயின் அக்கா பூன்தவிக்குப் போன் செய்திருந்தாள். பூன்தவி அதைச் சொன்னது மூன்றாம் நாள் மாலை, கடைசிச் சொட்டு நீரும் ஊற்றி முடித்த பிறகு.

“அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். உடனே வரச் சொன்னாங்களாம்.”

“எப்பச் சொன்னாங்க?”

“முந்தாநாள்... ஊரோட வருஷம் கெட்டுடக் கூடாதேன்னுதான் இளவரசே.”

சோம்சி குறுக்கே வந்தாள். “உங்க அம்மாவா இருந்தா சேதிய மூணு நாள் சட்டைப்பையிலயே வச்சிருப்பீங்களாய்யா?”

கம்பூய் பூன்தவியைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

மறுநாள் கம்பூய் லாவோஸில் போய் இறங்கினார். கைது செய்வார்களோ என்று முப்பத்தொன்பது வருடங்கள் பயந்தவர். கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டில் பெயரைப் பார்த்தான், முத்திரை குத்தினான்.

“அடுத்த ஆள்.”

அவ்வளவுதான். அந்த நாட்டுக்கு அவரை யாரென்றே தெரியவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அம்மாவை முந்தின நாளே எரித்துவிட்டிருந்தார்கள்.

“எனக்கே நேரா போன் பண்ணியிருக்கலாமே அக்கா,” என்றார்.

“எத்தன தடவ உன் நம்பர் கேட்டேன் தெரியுமா? இளவரசர்கிட்ட யாரும் நேரா பேசக்கூடாதாம். தரமாட்டேன்னுட்டாரு உங்க செயலாளர்.”

கம்பூய் பேனாவை எடுத்து, அடுப்படிச் சுவரில் தன் எண்ணைப் பெரிதாக எழுதினார்.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். “இனிமே எதுக்குடா?” என்றாள்.