கையுறை வாங்கிய பெண்

என் மகள் மஹ்தாபை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நன்றி கெட்டவள் என்று தெரியும். பெற்றவள் சொல்கிறேன், அது அத்தனையும் பொய்.

நான் எஸ்மத். ஈரான் மலைப்பக்கத்துக் கான்சாரில் பெண்கள் பள்ளியைக் கூட்டி, கணப்பு மூட்டி, மணி அடிப்பவள். பள்ளி வாசலை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. கணவர் லாரியோடு போனவர், பந்தர் அப்பாஸ் துறைமுகத்துப் பக்கம் வேறு குடும்பம் நடத்துகிறார். அந்தக் கதை இப்போது வேண்டாம். ஒன்றுமில்லாத வீட்டில் பிள்ளைக்கு மரியாதையையாவது கொடுப்போம் என்று வளர்த்தேன். அதுவே வினையாகப் போயிற்று.

அவள் நாலாம் வகுப்பு படிக்கையில் தெஹ்ரானிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். பனியில் விறைத்து நிற்கும் தோழிக்கு ஒரு சிறுமி தன் கையுறையைக் கழற்றிக் கொடுக்கிற கதை. தோழி நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுவாள். கொடுக்கிற சிறுமியாக நடிக்க, டைரக்டர் நாற்பது முகங்களைப் பார்த்துவிட்டு மஹ்தாபைக் கைகாட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்தில் இருந்த தர்லானுக்கு முகம் தொங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் மகள், மஹ்தாபுக்கு உயிர்த்தோழி. "நீயே நடியேன், உனக்கில்லாததா?" என்றாள் என் மகள். எங்களில் மரியாதைக்கு இப்படித்தான் சொல்வது. டாக்சிக்காரர்கூடக் காசை நீட்டினால் வேண்டாம் என்பார். அதற்காகக் கொடுக்காமலா இறங்கிப் போகிறோம்? ஒருவர் கொடுப்பதும் மற்றவர் மூன்று தரம் மறுப்பதும் முறை. தர்லான் ஒரு தரம்கூட மறுக்கவில்லை. நேரே டைரக்டரிடம் ஓடி, மஹ்தாபுக்கு இஷ்டமில்லையாம், என்னை நடிக்கச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டாள்.

அவர் மஹ்தாபைக் கூப்பிட்டு நிஜமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். விளக்குமாறும் கையுமாக நின்ற நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

தர்லானுக்கு வசனம் மனதில் நிற்கவில்லை. பள்ளி விட்டதும் எங்கள் அறைக் கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்து மஹ்தாப்தான் சொல்லிக்கொடுத்தாள். எங்கே அழ வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது வரைக்கும். நான் டர்னிப் அவித்துக் கொடுத்தேன். வயிறாரத் தின்றுவிட்டு, அவங்க வீடு நாறுது என்று வகுப்பில் போய்ச் சொன்னாளாம். எனக்கு வயிறு எரிந்தது. "விடும்மா, சின்னப் பொண்ணு" என்றாள் மஹ்தாப். இவள் அவளைவிட இரண்டு மாதம் இளையவள்!

படப்பிடிப்பு அன்று, தோழியாக நடிக்க வந்த தெஹ்ரான் பெண்ணுக்குக் காய்ச்சல். வசனம் முழுக்கத் தெரிந்தவள் மஹ்தாப் ஒருத்திதான். ஆக, கையுறையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடக்கிறவள் அவளானாள். பத்துத் தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் வாயிலிருந்து நன்றி வந்துவிடும், டைரக்டர் கத்துவார். பதினோராவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறையில் படத்தை டிவியில் போட்டார்கள். ஊரே பார்த்தது, ஊரே அழுதது. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் மஹ்தாபைப் பார்த்து "நன்றிகெட்டவ வர்றா, கையுறைய ஒளிச்சு வைங்கடி" என்று கூவினார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. "எனக்கு அந்த வேஷத்தைக் கொடுத்ததே மஹ்தாப்தான்" என்று தர்லான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நாளைக்குச் சொல்லிடுவாம்மா" என்று தினமும் சாயங்காலம் சொல்வாள். தர்லானோ பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள்.

தலைமையாசிரியையிடம் போனேன். சினிமாதானே எஸ்மத் அம்மா என்று சிரித்தார். தர்லான் வீட்டுக்கும் போனேன். அவள் அம்மா தேநீர் கொடுத்து, உங்கள் மகள் தானாகத்தானே விட்டுக்கொடுத்தாள் என்று கேட்டாள். அதுவும் உண்மைதான்.

நேற்றுக் காலை ரொட்டிக்கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் தர்லானும் அவள் அம்மாவும் நின்றார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி பிள்ளைகள் இருவரையும் அடையாளம் கண்டுகொண்டார். தர்லானைக் கன்னத்தில் முத்தமிட்டார். பிறகு மஹ்தாப் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டேதான், "ஏன் பொண்ணே, படத்துலதான் சொல்லல. இப்பவாவது அவளுக்கு ஒரு நன்றி சொல்லக்கூடாதா?" என்றார்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மஹ்தாப் தர்லானையே பார்த்தாள். இப்போதாவது அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் பார்த்தாள், எனக்குத் தெரியாதா? தர்லான் முக்காட்டு நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நான் வாயைத் திறந்தேன். மஹ்தாப் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நன்றி, தர்லான்" என்றாள்.

"பரவால்ல" என்றாள் தர்லான்.

வரிசையில் எல்லோருக்கும் சந்தோஷம்.