அழியவே அழியாத பெட்டி

ஹைதராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஆட்கள் மூன்று பேர், கம்ப்யூட்டர்களும் மூன்று. என் கணவருடைய லேப்டாப், என்னுடைய மேஜைக் கம்ப்யூட்டர், ஒன்பது வயது மகள் விளையாடும் பழையது ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது மாற்ற ஒரு பென் டிரைவே போதுமாக இருந்தது. மென்பொருள் வேலையில் இருந்த என் கணவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. எல்லா ஃபைல்களும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், எந்த அறையில் உட்கார்ந்தாலும் நெட்வொர்க் வழியாக எடுக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் அறைகள் இரண்டு.

அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அரை மணி நேரத்தில் சம்மதம் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் வந்து, நான் போட்ட பஜ்ஜியைத் தின்றுகொண்டே எந்தப் பெட்டி வேகமானது என்று சண்டை போட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்ததில்லை.

கடைசியில் செகந்திராபாத் கடை ஒன்றுக்குப் போனோம். "தீன் கம்ப்யூட்டர் கே வாஸ்தே இத்தா படா கைக்கு சாப்?" என்றார் கடைக்காரர். மூன்று கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பெரிது எதற்கு என்று விற்கிறவரே கேட்கிறார். இவர் அவருக்கே பாடம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பாடம் எனக்கு.

"இதுல ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும். அழியவே அழியாது."

"நாமளே தெரியாம அழிச்சுட்டா?"

"யாரு அழிப்பா? உன்ன மாதிரி ஆளு அழிச்சாத்தான் உண்டு."

மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையையும் பெட்டிக்கு மாற்றினார். ஒரே படம் பல இடத்தில் இருப்பது ஒழுங்கீனமாம். மற்ற கம்ப்யூட்டர்களில் இருப்பதை வார இறுதியில் அழிக்கப்போவதாகச் சொன்னார். நான் வாதாடவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தபோது படங்களை ஆறு டிவிடிகளில் எழுதி, என் அலுவலக மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சொன்னபடியே அந்த வார இறுதியில் மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்ததை அவர் அழித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை பெட்டியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தவர், தேவையில்லாத பழசு என்று நினைத்துப் படங்கள் இருந்த ஃபோல்டரையே அழித்துவிட்டார். ஒரு டிஸ்கில் அழித்ததை மற்றதும் அந்த நொடியே அழித்தது. அப்படிப்பட்ட விசுவாசமான பெட்டி.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டு, அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெறும் கையோடு வந்தார். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அழியவே அழியாதுன்னீங்களே?" என்று காலையிலும் மாலையிலும் கேட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் குழந்தைப் பருவப் படம் கேட்கிறார்கள் என்று மகள் அழுதாள். அலுவலகத்திலிருந்து ஒரு டிவிடியை எடுத்துவந்து என் கம்ப்யூட்டரில் போட்டேன். அவள் படங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்கிறவள்.

"நீ தக்கர உன்னாயா? மரி நான்னகி எந்துக்கு செப்பலேது?"

உன்னிடமே இருக்கிறதே, அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை? கேட்ட கையோடு ஓடிப்போய் அவரை இழுத்துவந்தாள்.

அவர் நெஞ்சில் கைக்குழந்தை தூங்கும் படம் திரையில் இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப எழுதின?"

"நீங்க எங்கிட்ட இருந்தத அழிக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியும்."

"ம்."

கத்துவார் என்று காத்திருந்தேன். மீதி டிவிடிகள் எங்கே என்று மட்டும் கேட்டார். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டு, மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஏற்றினார். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பர்கள் வந்தார்கள். படங்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டார்கள். "நான் அழிச்சேன். நல்லவேள, என் பொண்டாட்டி எடுத்து வெச்சிருந்தா, உடனே கொடுத்துட்டா," என்று அவர் சொன்னது சமையலறை வரை கேட்டது.

காபி கலந்துவிட்டேன். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கால் வரவில்லை. மகளிடம் கொடுத்தனுப்பினேன்.